காட்டேரிக்குக் குரல் கொடுத்தவன்

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று தோன்றிவிட்டதால் எழுதுகிறேன். நீங்களும் அண்ணியும் சௌகரியம் என்று நினைக்கிறேன். வார இதழில் வந்த புகைப்படத்தில் கொஞ்சம் இளைத்துத் தெரிகிறீர்கள். அது கேமராக்காரரின் திறமையாகவும் இருக்கலாம். எனக்கு முதுகுவலி தவிர வேறு குறையில்லை.

அந்தப் பேட்டியைக் கல்லூரியில் ஆசிரியர் அறையில்தான் படித்தேன். போன வருடம் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். "சார், ரத்தக் காட்டேரி பல்லன் பேட்டி குடுத்திருக்கார் சார். சின்ன வயசுல இவரைப் பாத்துட்டுப் போர்வைய விட்டு வெளிய வந்ததே இல்ல!" நான் உங்கள் உடன்பிறந்தவன் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நீங்கள் வேஷம் போடும் காட்டேரிப் பிரபுவின் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார்கள். "அடிவயித்துலேருந்து வரணும் தம்பி" என்று நீங்கள் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அடிவயிறு யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஏழு படங்கள். அந்தக் கோரைப்பல்லை மாட்டினால் உங்களால் ஒரு வாக்கியம் உருப்படியாகப் பேச முடியாது. 'ச' வராது, 'த' வராது, எச்சில்தான் வரும். சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட ஒலிப்பதிவு அறையில், விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, வியர்வையில் நனைந்தபடி பேசியவன் நான். திரையில் உங்கள் உதட்டைப் பார்த்துப் பேச முடியாது. பல் இருப்பதால் உதடு பாதிதான் அசையும். தொண்டையைப் பார்த்துப் பேசினேன். உங்கள் குரல்வளை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று உங்களைவிட எனக்குத் தெரியும். "உள்ளே வரலாமா?" என்று நான் கேட்டதற்குத்தான் ஊரே அலறியது. ஏழு படத்திலும் என் பெயர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தவர் பெயர் இருந்தது.

அந்த மரச்சாமான் கடைத் திறப்பு விழாவை நீங்கள் மறந்திருக்கலாம். நீங்கள் மேடையில் வாயசைக்க, நான் ஒரு பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசினேன். முடிந்ததும் வெளியே வந்தேன். கடைக்காரர் உங்கள் கையில் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "மைக் செட்காரரே, போட்டோ எடுக்கணும், கொஞ்சம் தள்ளுங்க" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு நான் படத்துக்கும் பேசவில்லை, உங்களோடும் பேசவில்லை. ஏன் என்று நீங்களும் கேட்கவில்லை. இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். வேறு எதையும் எதிர்பார்த்து எழுதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
முனைவர் பட்டம் பெற்ற தங்கள் தம்பி
(இணைப் பேராசிரியர், மொழித்துறை)


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

எப்படிடா இருக்க? முதுகுவலிக்குத் தரையில படு, மெத்தையைத் தூக்கிப் போடு. நாங்க இங்க நல்லா இருக்கோம். எனக்குத் தொண்டை மட்டும் கொஞ்சம் கரகரப்பு. தூசியில ஷூட்டிங், வேற ஒண்ணுமில்ல.

உறையில உன் கையெழுத்தைப் பாத்துட்டு உங்க அண்ணி, "பரீட்சை பேப்பர் திருத்தி அனுப்பியிருக்காரு, எத்தனை மார்க்குன்னு பாருங்க"ன்னா. பாத்தேன். பெயில்தான். அதென்ன திடீர்னு நீங்க, வாங்க? நான் என்ன உங்க பிரின்ஸ்பாலா?

பேட்டியில சொன்னது தப்புதான். பேட்டி எடுத்த பையன் அப்படி ஆசையாக் கேட்டான், வாய் தானா சொல்லிடுச்சு. ஆனா நீ ஒண்ணை மட்டும் தப்பா எழுதியிருக்க. கடைத் திறப்புல நான் சிரிச்சேன்னு. பல்லு மாட்டியிருந்தேன்டா. அதை மாட்டிட்டா வாயை மூட முடியாது. பாக்கிறவங்களுக்கு நான் எப்பவும் இளிச்சுக்கிட்டுதான் இருப்பேன். எங்க மாமனாரு செத்த அன்னிக்கு ஷூட்டிங்லேருந்து அப்படியே ஓடினேனே, அங்கயும் எல்லாரும் முறைச்சாங்க.

இப்ப எட்டாவது படம் நடக்குது. டைல்ஸ் கடை வச்சிருக்கிற ஒருத்தர் எடுக்கிறார். சின்னப் பையனா இருந்தப்ப நம்ம முதல் படத்தைப் பாத்து டவுசரை நனைச்சாராம், அந்த நன்றிக்கு எடுக்கிறாராம். மாளிகைன்னு சொல்லி அவர் கோடவுன்தான். பெட்டியெல்லாம் துணி போட்டு மூடி, மேல மெழுகுவத்தி ஏத்தினா சவப்பெட்டி. வௌவால் பழைய குடைத்துணி. ரத்தம் இன்னும் அதே சர்க்கரைப் பாகுதான். கழுத்துல பூசிக்கிட்டுப் படுத்தா எறும்பு ஏறுது. நாலாவது படத்துல என் காலர்ல எறும்பு ஊர்றதைப் பாத்து எவனோ "மரணத்தின் குறியீடு"ன்னு எழுதினானே, ஞாபகம் இருக்கா? நீதான் படிச்சுக் காட்டின. நாம ரெண்டு பேரும் அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு.

இதுதான் கடைசி. இதுக்கப்புறம் பல்லைக் கழட்டிடுவேன். நீ வந்து குரல் குடு. ஒரு வாரம் இருந்துட்டுப் போ. மாடி ரூம்ல காத்து வரும். வர்றப்ப ஒண்ணும் வாங்கிட்டு வராத. நீ வந்தா போதும்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 8

அண்ணனுக்கு,

தங்கள் கடிதம் வந்தது. தொண்டைக்கு வெந்நீரில் உப்பு போட்டுக் கொப்பளிக்கவும். இங்கே எல்லாம் வழக்கம்போல்தான்.

பல் விளக்கத்தைப் படித்தேன். சாமர்த்தியமான விளக்கம். அப்படியானால் கண்ணுக்கும் ஏதாவது மாட்டியிருந்தீர்களா?

வருவதைப் பற்றி. எனக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் என் பெயர் வர வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக அல்ல. தனியாக, ஒரு திரை முழுவதும், படிக்கிற நேரம் நிற்க வேண்டும். பட்டத்தோடு.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், நீண்ட நாளாக மனத்தில் இருப்பது. இந்தப் படங்களை எதற்காகப் பார்க்கிறார்கள்? நடுப்பகலில் கேமராவுக்கு நீலக் கண்ணாடியை மாட்டி எடுத்துவிட்டு இரவு என்கிறீர்கள். வெயில் பட்டால் சாம்பலாகிவிடுகிற பிரபு, காலடியில் மைபோல நிழல் விழ மத்தியான வெயிலில் நடந்து போகிறார். ஒருவன்கூடக் காசைத் திருப்பிக் கேட்டதில்லை. அவலச்சுவை பற்றி நான் ஆறு வருடம் உழைத்து எழுதிய ஆய்வேட்டை நூலகத்தில் இதுவரை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. துறைத்தலைவர் பதவியை என்னிடம் படித்தவனுக்குக் கொடுத்தார்கள். குடைத்துணி வௌவாலுக்கு மட்டும் முப்பது வருடம் கழித்தும் ரசிகர்கள் இருக்கிறார்கள். உலகம் எந்த அளவுகோலில் அளக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நிபந்தனைக்குப் பதில் எழுதவும். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

முதுகு தேவலையா? இங்க எல்லாரும் நலம். உப்புத் தண்ணி கொப்பளிக்கிறேன். டாக்டர் அதிகம் பேசாதேங்கறார், அதான் பக்கம் பக்கமா எழுதறேன். உனக்குத்தான் கஷ்டம்.

உன் பேருக்கு டைட்டில் கார்டு போடறேன். தனியா, பட்டத்தோட. டைல்ஸ்காரர் "வாய்ஸ் வேற ஆளுன்னு தெரிஞ்சா பிரபுவோட மானம் போயிடுமே"ன்னார். முதல் படத்து முதலாளியும் இதையேதான் சொன்னார். அன்னிக்கு நான் தலையாட்டினேன். இந்தத் தடவை ஆட்டல. போதுமா?

எதுக்குப் பாக்கிறாங்கன்னு கேட்டிருக்க. எனக்கு உன் அளவு படிப்பு இல்ல, ஆனா ஒரு நாள் நான் பாத்ததைச் சொல்றேன். மூணாவது படம் ஓடிக்கிட்டிருந்தப்ப மேட்னி ஷோவுக்குத் தொப்பி போட்டுக்கிட்டுப் போய்க் கடைசி வரிசையில உக்காந்தேன். படத்தைப் பாக்கல, ஜனங்களைப் பாத்தேன். வௌவால் வந்துச்சு. "டேய், கயிறு தெரியுது!"ன்னு ஒருத்தன் கத்தினான். தியேட்டரே சிரிச்சுது. எனக்கு முன்னால ஒரு நர்ஸ், யூனிபார்மைக்கூட மாத்தாம வந்திருந்தாங்க, அவங்களும் சிரிச்சாங்க. அடுத்து கதவு தட்டுற சத்தம். உன் குரல். "உள்ளே வரலாமா?" அதே நர்ஸ் காலைத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கிட்டாங்க! தியேட்டர்ல பாதிப் பேரு "வராதே, வராதே"ன்னு கத்துறாங்க.

கயிறு தெரிஞ்சவங்களுக்கு எப்படிடா பயம் வரும்? ரொம்ப நாள் யோசிச்சேன். வாழ்க்கையில வர்ற பயமெல்லாம் சொல்லாம கொள்ளாம உள்ள வந்து உக்காந்துக்குது. அந்த நர்ஸ் தினம் அதைப் பாக்கிறவங்க. நம்ம பிரபு ஒருத்தன்தான் கதவைத் தட்டி, நின்னு, வரலாமான்னு கேக்கிறான். கூப்பிட்டாத்தான் வருவான். வேணாம்னா திரும்பிப் போயிடணும், அதுதான் அவனுக்குச் சட்டம். அந்த மரியாதைக்குத்தான் ஜனங்க டிக்கெட் வாங்குறாங்கன்னு நெனைக்கிறேன். கயிறு தெரிஞ்சா இன்னும் நல்லது. பயந்துட்டு வீட்டுக்குப் போகலாம் பாரு.

இந்த மாசம் இருபதாம் தேதிக்குள்ள வந்துடு. தள்ளிப் போடாத. டப்பிங் ஒரு பக்கம் இருக்கட்டும், உன்னோட உக்காந்து பேசணும். நெறைய இருக்கு.

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கார்டு போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் வாக்குறுதிகள் எப்படிப் போகும் என்று எனக்கு அனுபவம் உண்டு. இரண்டாவது படத்தின்போதும் "அடுத்த படத்துல கண்டிப்பா" என்றீர்கள். ஆகவே தயாரிப்பாளர் கையொப்பமிட்டு ஒரு கடிதம் அனுப்பட்டும். வந்தவுடன் புறப்படுகிறேன். தேர்வுத் தாள் திருத்தும் வேலையும் இந்த மாதம்தான் தொடங்குகிறது. அதை விட்டுவிட்டு இருபதாம் தேதிக்குள் ஓடிவர நான் ஒன்றும் சும்மா இருக்கிறவன் இல்லை.

நர்ஸ் கதை சுவாரசியமாக இருந்தது. பேச வேண்டும் என்கிறீர்கள். இத்தனை வருடம் இல்லாத பேச்சு இப்போது என்ன? எழுதுங்களேன்.

தம்பி


மே 4

தம்பிக்கு,

நல்லா இருக்கீங்களா? சாப்பாடெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா, இல்ல பேப்பர் திருத்துற கோவத்துல பட்டினியா? நீங்க போன் எடுக்க மாட்டீங்கன்னு தெரியும், அதனால எழுதறேன். நான் எழுதறது உங்க அண்ணனுக்குத் தெரியாது.

டைல்ஸ்காரர் கையெழுத்துக் கேட்டீங்களாம். அவர் வெளியூர்ல இருக்கார். நான் வேணா கையெழுத்துப் போட்டுத் தர்றேன், ரேஷன் கார்டுல குடும்பத் தலைவியே நான்தான். டைட்டில் கார்டுல என்ன போடணும்னு சொல்லுங்க, நானே பெயிண்ட் எடுத்து எழுதறேன்.

விளையாட்டு இருக்கட்டும். படப்பிடிப்பு முடிஞ்சுது. இவர் தினமும் சாயந்திரம் மாடி ரூமைப் பெருக்கிட்டு வர்றார். "தம்பி வந்தா தூசி ஆகாது அவனுக்கு"ங்கறார். கழுத்துல மப்ளர் சுத்திக்கிட்டு, இந்த வெயில்ல. கேட்டா பிரபு வேஷம் இன்னும் இறங்கலைன்னு ஜோக்கு அடிக்கிறார். முன்ன மாதிரி சத்தமா அடிக்கிறதில்ல.

சில விஷயம் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். "அவன் பரிதாபப்பட்டு வரக்கூடாது, வரணும்னு தோணி வரட்டும்"ங்கறார். நான் சத்தியத்தை மீறல. வர முடியுமா, முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க. முடியும்னா இந்த வாரமே வாங்க.

அண்ணி


மே 12

அண்ணிக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கண்டேன். உங்கள் கிண்டல் மட்டும் மாறவில்லை. அந்த வகையில் மகிழ்ச்சி.

அண்ணன் உங்களை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கண்ணாடியை உடைத்தால் அம்மாவிடம் போய்ச் சொல்ல என்னை அனுப்புவார்.

எனக்குக் கோபம் எதுவும் இல்லை. தாள் திருத்தும் பணி ஜூன் நடுவில் முடிகிறது. முடிந்ததும், கையொப்பமிட்ட கடிதமும் வந்துவிட்டால், ஒரு வாரம் வந்து பேசிக்கொடுத்துவிட்டுப் போகிறேன். படம் எங்கேயும் ஓடிவிடாது. குரலும் எங்கேயும் ஓடிவிடாது. முப்பது வருடம் காத்திருந்தவன் நான். அவர் ஒரு மாதம் காத்திருக்கலாம்.

மப்ளர் வேண்டாம் என்று சொல்லுங்கள், கழுத்தில் வேர்க்குரு வரும்.

தம்பி


ஜூன் 26

அண்ணா,

நான் அனுப்பிய இரண்டு அஞ்சலட்டைகளுக்கும் பதில் இல்லை. தயாரிப்பாளரின் கடிதமும் வரவில்லை. அண்ணியும் எழுதவில்லை. எல்லாரும் சௌக்கியம்தானே?

படம் முழுவதும் முடிந்துவிட்டது, அடுத்து வெளியீடுதான் என்று அதே வார இதழில் துணுக்கு போட்டிருக்கிறான். முடிந்துவிட்டது என்றால் குரல்? யாரைப் பேச வைத்தாய்? பலகுரல் கலைஞன் எவனாவது என்னைப் போலவே பேசிக் கொடுத்தானா? அதைச் செய்திருந்தால் நீ என்னிடம் நேராகவே சொல்லியிருக்கலாம். நான் வருகிறேன் என்றுதானே எழுதினேன். வரமாட்டேன் என்று எப்போது எழுதினேன்?

பெட்டிகூட எடுத்து வைத்துவிட்டேன். ஒரு வரி எழுது.

தம்பி


ஜூலை 18

தம்பிக்கு,

உடம்பு நல்லா இருக்கும்னு நெனைக்கிறேன். உங்க கடிதம் வந்தப்ப நாங்க ஆஸ்பத்திரியில இருந்தோம். வீட்டுக்கு வந்துதான் பாத்தேன்.

சத்தியத்துக்கு இனிமே வேலை இல்ல, அதனால சொல்லிடறேன். தொண்டையில கட்டி. குரல் பெட்டியையே எடுத்துட்டாங்க. இனிமே பேச்சு வராது. கழுத்துல ஒரு ஓட்டை வழியா மூச்சு விடுறார். நல்லாத்தான் இருக்கார், கஞ்சி குடிக்கிறார், எழுதிக் காட்டுறார், என்கூட சண்டை போடுறார். எழுதிச் சண்டை போட நேரம் ஆகுதா, அதுக்குள்ள எனக்குக் கோவம் போயிடுது.

டாக்டர் மார்ச்சுலேயே ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தார். இவர் "தம்பி வரட்டும்"னார். ஏப்ரல்ல இன்னொரு தேதி. "தம்பி வர்றான், பேசிட்டு வந்துடறேன்"னார். டாக்டர் கத்தினார். மே மாசம் நான் உங்களுக்கு எழுதினேன். ஜூன்ல மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் நான் யார் பேச்சையும் கேக்கல.

அட்மிட் ஆகுறதுக்கு முன்னால ஒலிப்பதிவு அறைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னார். அவரே பேசினார் தம்பி. அங்க இருந்த இன்ஜினியர், "அண்ணே, பல்லைக் கழட்டிட்டாவது பேசுங்க, ஒண்ணும் புரியல"ன்னார். இவர் கேக்கல. "பல்லு இல்லாம பேசினா அது நானு. பிரபு பேசணும்"னார். ஒரு வரி, ஒரு வாய் வெந்நீர், அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு உக்காருவார். அப்புறம் அடுத்த வரி. காத்துதான் வந்துச்சு, குரல்னு சொல்ல முடியாது. வேற யாரையாவது பேச வைக்கலாமேன்னு கேட்டேன். "வேற ஆளு பேசினா அவன் இன்னும் கோவிச்சுக்குவான்"னார்.

அவருக்கு உங்ககிட்ட டப்பிங் வேண்டியிருக்கல தம்பி. குரல் இருக்கிறப்பவே உங்ககிட்ட உக்காந்து பேசணும்னு இருந்தார். என்ன பேசணும்னு இருந்தார்னு எனக்கும் சொல்லல.

டாக்டர் வேற சிலதும் சொன்னார். அதை இப்ப எழுத வேண்டாம்னு விடுறேன். நீங்க எப்ப வேணா வாங்க. ரூம் பெருக்கித்தான் இருக்கு.

அண்ணி


செப்டம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாப் போய்ச் சேர்ந்தியா? எனக்கு ஒண்ணும் குறையில்ல. தும்மல் வந்தாத்தான் வேடிக்கை, எந்த வழியா வரும்னு எனக்கே தெரியல.

நீ வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனது சந்தோஷம். ஆனா ரெண்டு நாள்ல மொத்தமா நாலு வார்த்தை பேசியிருப்ப. "தண்ணி வேணுமா", "பேன் போடவா", அவ்வளவுதான். பேச முடியாதவன் நானா நீயா? உங்க அண்ணி "ரெண்டு ஊமைக்கு நடுவுல நான் ரேடியோ மாதிரி கத்திக்கிட்டிருந்தேன்"ங்கறா.

படம் வர்ற வெள்ளிக்கிழமை வருது. உன் கார்டைப் போட்டிருக்கேன். தனியா, பட்டத்தோட. இந்தப் படத்துல நீ பேசலையேன்னு குதிக்காத. பழைய ஏழு படத்துலயும் இப்பப் போய் எழுத முடியுமா? பிரிண்டெல்லாம் எங்க கெடக்கோ. எழுதறதுக்கு இடம் இருக்கிறது இது ஒண்ணுதான், அதனால இதுல எழுதிட்டேன்.

முன்னமே போட்டிருக்கலாம். முதலாளி மேல பழியைப் போட்டேன், ஆனா எனக்கும் பயம்தான்டா. ஜனங்க வந்தது அந்தக் குரலுக்கு. அது என்னுது இல்லேன்னு தெரிஞ்சா என்கிட்ட மிச்சம் என்ன, பல்லுதானே.

யாராவது வந்து கேட்டா ஆமா, நான்தான்னு சொல்லு. மறுத்துப் பேசாத. அது ஒண்ணுதான் கேக்கிறேன். படத்தைப் பாத்துட்டு எழுது.

அண்ணன்


அக்டோபர் 21

அண்ணிக்கு,

அண்ணனும் நீங்களும் எப்படி இருக்கிறீர்கள்? கழுத்துப் பட்டையை மாற்றும்போது அவருக்கு வலிக்கிறது என்று போன முறை பார்த்தேன்; கொஞ்சம் நனைத்துவிட்டு எடுங்கள். நான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்ட வேண்டாம். அவருக்குத் தனியாக எழுதுவேன், படம் நன்றாக இருந்தது என்று.

படத்தை மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை கார்டு வந்தபோதே கூட்டம் விசிலடித்தது. எனக்காக அல்ல. படிக்கிற நேரம் நிற்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேனே, அண்ணன் அதை அத்தனை நேரம் நிறுத்தி வைத்துவிட்டார். "ஆபரேட்டர், தூங்கிட்டியா?" என்று ஒருவர் கத்தினார். 'எட்டுப் படங்களிலும் பிரபுவின் குரல்', அதற்குக் கீழே என் பெயர், பட்டம். இருட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அது எப்போது போகும் என்று இருந்தது.

வௌவால் வந்தது, சிரித்தார்கள். மத்தியான நிழலோடு பிரபு நடந்தார், சிரித்தார்கள். பிறகு கதவு தட்டுகிற சத்தம். பழக்கத்தில் நான் தொண்டையைப் பார்த்தேன். உயரமான காலர் வைத்து மறைத்திருந்தார்கள். பார்க்க எதுவும் இல்லாமல் முகத்தைப் பார்த்தேன். "உள்ளே வரலாமா?"

நான் அதை ஏழு தடவை பேசியிருக்கிறேன் அண்ணி. ஒவ்வொரு தடவையும் மிரட்டினேன். அது மிரட்டுகிற வரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் கேட்கிறார். உண்மையாகவே வெளியில் நிற்கிற ஒரு ஆள், ரொம்ப நேரம் நின்று கால் வலிக்கிற ஆள், கேட்கிற மாதிரி. பாதி எழுத்து காற்றாகப் போய்விட்டது. தியேட்டரில் ஒருவரும் "வராதே" என்று கத்தவில்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண்மணி, "வாப்பா" என்றார், சாதாரணமாக, வீட்டு வாசலில் சொல்வதுபோல.

பிரபு சாம்பலாகிற கடைசிக் காட்சியில் அண்ணன் அழுகிறார். கண்ணில் தண்ணீர் வழிகிறது. ஆனால் வாய் சிரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பல் இருக்கும்வரை அது மூடாது. அதைத் திரும்பப் பார்க்கத்தான் மற்ற இரண்டு தடவையும் போனேன். கடைத் திறப்பு விழாவை நினைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தேன்.

போன வாரம் அந்த இதழில் விமர்சனம் வந்தது. முப்பது வருடமாக மறைந்திருந்த குரல் கலைஞன் இந்தப் படத்தில்தான் தன் உச்சத்தைத் தொட்டிருக்கிறான், முந்தைய ஏழு படங்களில் வெறும் முழக்கம், இதில்தான் உயிர் என்று எழுதியிருக்கிறார்கள். 'உயிர்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு என் துறைத்தலைவர் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். என்னிடம் படித்தவர், அவரும் பாராட்டுகிறார். ரசிகர் சங்கம் ஒன்று விழா எடுத்துக் கேடயம் கொடுக்கப் போகிறதாம். சங்கத்துக்காரர் கல்லூரிக்கே வந்து, "சார், ஒரே ஒரு தடவை எங்களுக்காகப் பேசிக் காட்டுங்க சார்" என்றார். என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. தொண்டையில் ஒரு கீறல் இல்லை. எனக்கு வரவில்லை.

அண்ணன் கேட்டுக்கொண்டபடி சங்கத்துக்காரரிடம் மறுத்துப் பேசவில்லை. உடம்பு சரியில்லை, விழாவுக்கு வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் இதழ் ஆசிரியருக்கு நேற்று ஒரு கடிதம் எழுதினேன். சின்னக் கடிதம்தான், உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்:

'ஐயா, தாங்கள் பாராட்டியிருக்கும் குரல் கார்டில் பெயர் இருப்பவருடையது அல்ல. அந்த நாளில் அவர் வேறு ஊரில் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். அது பல்லனின் சொந்தக் குரல். அவர் அதன்பிறகு பேசவில்லை. தங்கள் விமர்சனத்தில் மற்ற எல்லாம் சரி.'

இவ்வளவுதான். கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். புகழை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்த தம்பி என்று அடுத்த வாரம் என் படத்தைப் போடுவார்கள். அதற்கும் எனக்கே கைதட்டல் விழும். அண்ணன் அதைப் பார்ப்பார். கொடுத்ததை அவர் முகத்திலேயே திருப்பி எறிந்துவிட்டேன் என்று நினைப்பார், நினைத்ததை எழுதிக்கூடக் காட்டமாட்டார்.

பெயரில்லாத கடிதங்கள் ஏற்கப்படமாட்டா என்று அந்த இதழில் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறார்கள். தெரியும். ஏற்காவிட்டாலும், உறையைப் பிரிக்கிற ஒருவர் படித்துத்தானே தூரப் போட வேண்டும்? அந்த ஒருவருக்காவது அது யார் குரல் என்று தெரிந்திருக்கட்டும்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். கையெழுத்துப் போடாமலே உறையை ஒட்டியாகிவிட்டது. நாளைக் காலையில் கல்லூரிக்குப் போகிற வழியில் அப்படியே பெட்டியில் போடுகிறேன்.